சாம்பலுக்கு வந்த விலை

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே செல்பவர்கள் முதலில் தச்சநல்லூரைக் கடக்கிறார்கள். அங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர் சென்றால் தாழையூத்துச் சிமெண்டு ஆலையை அடையலாம். தச்சநல்லூருக்கு மேற்கே, சங்கரன்கோவில் சாலைப் பக்கம், இராமையன்பட்டி இருக்கிறது. நெல்லை நகரின் குப்பை பல ஆண்டுகளாகக் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட இடம் அது. ஆலை, பொருளுக்காக நிலத்தைத் தோண்டுகிறது. நகரமோ பொருளை நிலத்தில் கொட்டுகிறது.

இவ்விரண்டையும் இணைக்க முடியுமா? உலகெங்கும் தொழில் நிறுவனங்கள் இன்று இக்கேள்வியை எதிர்கொள்கின்றன. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் பன்னிரண்டாவது, 2030ஆம் ஆண்டுக்குள் கழிவைப் பெருமளவு குறைக்க வேண்டும் என்கிறது. “எங்கள் ஆலையின் கழிவு ஒரு கூடைகூட நிலத்துக்குப் போகாது” என்று உறுதி கூறும் நிறுவனங்களும் பெருகிவருகின்றன. இது எப்படிக் கைகூடும், எங்கே தடுமாறும் என்பதைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் தொழில் வரலாற்றிலிருந்தே நாம் அறியலாம்.

உமியும் தவிடும்

முதலில் நெல்லைப் பார்ப்போம். நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ இருபது கிலோ உமி கிடைக்கும். புழுங்கல் அரிசி ஆலையில் இந்த உமியே அடுப்பில் எரிந்து, அடுத்த நெல்லை அவிக்கும் நீராவியைத் தருகிறது. வெளியிலிருந்து விறகு வாங்க வேண்டிய தேவை பெரிதும் குறைகிறது. தவிடு மாட்டுத் தீவனமாகும். அதிலிருந்து எண்ணெயும் எடுக்கலாம். ஆனால் தவிட்டில் உள்ள ஒரு நொதி, அரைத்த உடனேயே எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே தவிடு விரைவில் எண்ணெய் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். காலம் தாழ்ந்தால் விலைபோகும் சரக்கும் கெட்ட சரக்காகிவிடும்.

உமி எரிந்தபின் மிஞ்சுவது, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. அரிசி ஆலைகளால் எளிதில் கரைசேர்க்க முடியாத பொருள் இதுதான். அது காற்றில் பறந்து கண்ணை உறுத்தும். குவித்து வைத்தால் இடத்தை அடைக்கும். உமிக்கு ஆலைக்குள்ளேயே பயன் இருந்தது. சாம்பலுக்கோ வெளியே ஒரு கொள்வோர் வேண்டியிருந்தது.

சிமெண்டு ஆலையும் அனல் மின் நிலையமும்

1946இல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 1949இல் தாழையூத்தில் சிமெண்டு உற்பத்தி செய்யத் தொடங்கியது. அப்பகுதியில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லே அதன் மூலப்பொருள். சுண்ணாம்புக் கல்லைக் களிமண்ணுடன் அரைத்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் ‘கிளிங்கர்’ எனப்படும் உருண்டைகள் கிடைக்கும். இதைச் சிறிது ஜிப்சத்துடன் அரைத்தால் சிமெண்டு. ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக் கல் தேவை. கல் சிதையும்போது மட்டும் அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளிப்படுகிறது. எரிபொருளின் புகை தனிக் கணக்கு.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1979இல், நெல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. 1992க்குள் 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகள் அமைந்தன. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் மிஞ்சும். நுண்ணிய தூளாகப் புகையோடு எழும் இச்சாம்பலை மின்புலத்தால் ஈர்த்துப் பிடிக்கிறார்கள். நாட்டின் பல அனல் நிலையங்களில் அதை நீரில் கரைத்துக் குட்டைகளில் விடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. குட்டைகள் நிறைந்தன, காய்ந்த சாம்பல் காற்றில் பறந்தது.

ஆனால் இச்சாம்பலுக்கு ஒரு நற்குணம் உண்டு. சிமெண்டு நீருடன் சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அது தானாக வலிமை தருவதில்லை. சாம்பலிலுள்ள சிலிக்கா அதனுடன் மெல்ல வினைபுரிந்து, சிமெண்டின் பிணைப்புக்குக் காரணமான அதே வகைக் கூழை மேலும் உண்டாக்குகிறது. இதில் புதுமை ஏதுமில்லை. இத்தாலியின் பொசுவோலி என்னும் ஊரருகே கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து உரோமானியர் கடலுக்குள்ளேயே கட்டடம் எழுப்பினார்கள். ‘பொசலானா’ என்ற பெயரும் அந்த ஊரிலிருந்து வந்ததே. நம் நாட்டுக் கொத்தனார்கள் செங்கல் தூளான சுர்க்கியைச் சுண்ணாம்பில் கலந்ததும் இதே வேதியியலைக் கொண்டுதான். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாற்று அணை சுண்ணாம்பு-சுர்க்கிச் சாந்தால் கட்டப்பட்டது. அமெரிக்காவில் 1953இல் முடிந்த ஹங்ரி ஹார்ஸ் அணையில் நிலக்கரிச் சாம்பல் இலட்சம் டன்னுக்கு மேல் கலக்கப்பட்டது.

அறிவியல் அறிந்திருந்தும் சாம்பல் ஏன் குட்டையிலேயே கிடந்தது? அதைக் கொட்டுவதற்குச் செலவு குறைவு என்பதே காரணம். நிலைமையை மாற்றியது சட்டம். 1999 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அனல் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவில் செங்கல் செய்வோர் குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் சேர்க்க வேண்டும். அனல் நிலையங்கள் பத்து ஆண்டுகளுக்குச் சாம்பலை இலவசமாகத் தர வேண்டும் என்றது அது. கொள்வோர் வந்தனர். 2009இல் வந்த திருத்தம், சாம்பலின் ஒரு பகுதியை விலைக்கு விற்க இடமளித்தது. 2021 இறுதியில் வந்த அறிவிக்கையோ, பயன்படுத்தாமல் விடும் ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் ஈடு விதித்தது. பொசலானா சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் சேர்க்கத் தர நிர்ணயம் இடமளிக்கிறது. அந்த அளவுக்குக் கிளிங்கர் குறைகிறது. சுண்ணாம்புக் கல்லும் கரியமில வாயுவும் அதற்கேற்பக் குறைகின்றன.

குப்பைமேட்டிலிருந்து சூளைக்கு

சாம்பல் ஒரே இடத்தில், ஒரே தன்மையில் கிடைக்கும் பொருள். நகரக் குப்பை அப்படியன்று. 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர்ப் பேரூராட்சியும் இணைந்து மாநகராட்சி உருவானது. வாழை இலையும் பிளாஸ்டிக் பையும் கண்ணாடியும் ஒன்றாகக் கலந்தே குப்பைமேட்டுக்குச் சென்றன. காற்றுப் புகாத குவியலில் ஈரக் கழிவு அழுகினால் மீத்தேன் எழும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை அது பிடித்து வைக்கிறது. அதுவே தீக்கும் காரணமாகிறது. மழைநீர் குவியலில் ஊறிக் கரிய சாறாக நிலத்தடிக்கு இறங்குகிறது.

2010களின் நடுவில் நெல்லை மாநகராட்சி, வாரத்தில் ஒரு நாளைப் பிளாஸ்டிக் கழிவுக்கென்றே ஒதுக்கி, அதைத் தனியே திரட்டிச் சிமெண்டு ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிலோவுக்கு 1,500 கிலோகலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தரும் கழிவை நிலத்தில் புதைக்கக் கூடாது என்றன. சூளையின் கடும் வெப்பத்தில் பிளாஸ்டிக் சிதைகிறது. அதன் சாம்பலும் கிளிங்கரில் கலந்துவிடுவதால் தனியாகப் புதைக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆயினும் இங்கே எச்சரிக்கை வேண்டும். பி.வி.சி. போன்ற குளோரின் நிறைந்த பொருள்கள் சூளையை அடைத்துக் கெடுக்கும். புகையை இடைவிடாது அளந்து கண்காணிக்காவிட்டால் நச்சுப் பொருள்களும் வெளிவரலாம். மேலும், எரித்த பொருள் மீண்டும் வாராது. ஆகவே எரிப்பது கடைசிப் படிக்கு முந்திய படியே. முதலில் கழிவு உண்டாகாமல் பார்ப்பது, பிறகு மறுபயன், அதன்பின் உருக்கி மறுவார்ப்பு. இவை எதற்கும் ஆகாததே சூளைக்கு. கழிவு முழுவதையும் எரித்துவிட்டு ‘நிலத்துக்கு எதுவும் போகவில்லை’ என்று ஒரு நிறுவனம் கூறினால், அது பாதிக் கணக்கே ஆகும்.

மற்றொரு பாதிக் கணக்கையும் இப்பகுதி மக்கள் கண்டார்கள். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் நெல்லையை அடுத்த கோடகநல்லூர், நடுக்கல்லூர் போன்ற ஊர்களில் கொட்டிக் கிடந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டபின், அதே மாதம் அவை லாரிகளில் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டன. தன் வாசலைத் தாண்டிவிட்டால் கழிவு ஒழிந்தது என்று கருதுவோர் இருக்கும்வரை, அது யாரோ ஒருவருடைய வயலோரத்தில்தான் போய்ச் சேரும்.

எனவே கழிவை ஒழிக்க விரும்பும் தொழிற்சாலை, மூலப்பொருளுக்கு எழுதுவதுபோல் கழிவுக்கும் பேரேடு எழுத வேண்டும். எவ்வளவு, எந்தத் தன்மையில், யாரிடம், எதற்காகச் சென்றது என்பது அதில் இருக்க வேண்டும். உண்டாகும் இடத்திலேயே பிரித்தால்தான் கழிவுக்குத் தரம் உண்டாகும். அருகே கொள்வோர் இருந்தால்தான் வண்டிக் கூலி கட்டுப்படியாகும். கொட்டுவது செலவு மிக்கதானால்தான் இரண்டும் நடக்கும். தூத்துக்குடிச் சாம்பலுக்கு இம்மூன்றும் ஒன்றுசேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இராமையன்பட்டிக் குப்பைக்கும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா என்பதை முடிவு செய்வது, அதை நாள்தோறும் உண்டாக்கும் கடைகளும் விடுதிகளும் ஆலைகளும் வீடுகளுமே ஆகும்.