வளப்பூர் நாடு: கோயிலுக்குக் காவல் உண்டு, நாட்டுக்கு?

மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் நம் குடியிருப்பில் நாலு கார்களாவது கொல்லிமலைக்குக் கிளம்பிவிடும். காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கி ஆகாய கங்கையில் நனைந்து, திரும்பும்போது மிளகும் மலைவாழைப்பழமும் வாங்கி வருவோம். அந்தக் கோயிலும் அருவியும் இருக்கும் இடத்துக்கு வளப்பூர் நாடு என்று பெயர். பெயர்ப்பலகையில் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள 'நாடு' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத நினைத்தேன்.

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று எல்லாப் பெயர்களும் நாடு என்றே முடியும். சமவெளியில் சோழர் காலத்து நாட்டுப் பிரிவுகளை இன்று கல்வெட்டில்தான் தேட வேண்டும். மலையில் அந்தச் சொல் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் இருக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு நாடு என்பது வெறும் எல்லைக்கோடு இல்லை. வழக்கு தீர்ப்பது, திருவிழாவுக்கு நாள் குறிப்பது என்று பலதும் அந்த வட்டத்துக்குள் நடந்து வந்திருக்கின்றன.

மலையின் பழைய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. வன்பரணர் அவனைப் பாடினார். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனிடம் கொடுத்தான். வளப்பூர் நாட்டுக் கோயிலின் பெயர் தேவாரத்தில் அறைப்பள்ளி என்று வருகிறது. தனிப் பதிகம் இல்லாமல் பெயர் மட்டும் வருவதால் இது வைப்புத்தலம். கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. உழுதவனின் கலப்பை பட்டு லிங்கம் வெளிப்பட்டதாக ஊர்க்கதை சொல்கிறது. பக்கத்தில் ஓடும் ஐயாற்று மீன்களும் இங்கே சாமிதான். ஒரு கலப்பை, ஒரு கல், ஒரு ஆறு மூன்றையும் சேர்த்தே ஊர் தன் கதையைச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நம் சட்டங்கள் அப்படிச் சேர்த்துப் பார்ப்பதில்லை. மத்திய தொல்லியல் சட்டம் 1958-ல் வந்தது, தமிழ்நாட்டுச் சட்டம் 1966-ல். இரண்டுமே ஒரு சின்னத்தையோ ஒரு களத்தையோ குறித்துப் பாதுகாப்பவை. மலையடிவாரத்தில் நாமக்கல் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுத்தான் கட்டலாம் என்று 2010 திருத்தம் சொல்கிறது. கோட்டைக்கு அது பொருந்தும். ஒரு நாட்டுக்கு எங்கிருந்து அளப்பது?

வளப்பூர் நாட்டில் காக்க வேண்டியவற்றில் பாதி, கட்டடமே இல்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவு நிலங்கள், சாமிக்கென்று வெட்டாமல் விட்ட சோலைகள், ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் அதில் சேரும். சிறுதானியம் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் மரவள்ளிதான். கிழங்கு கீழே இறங்கி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. மரவள்ளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கையில் காசு தருகிறது, சாமையோ உரலில் குத்தியே பெண்களின் தோள்பட்டையை வாங்கிவிடும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களில் சிறு அரவை இயந்திரங்கள் வைத்தது இந்தச் சிரமத்தைப் புரிந்துகொண்டுதான். வயலைப் பழையபடி வைத்திரு என்று சொல்பவர்கள், அதில் உழைப்பவருக்கு என்ன மிஞ்சும் என்பதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலும் 1966-ல்தான் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் சட்டத்துக்கு ஒரே வயது. ஆனால் அவர்களின் தேசியப் பதிவேட்டில் கட்டடம், களம் என்பவற்றோடு 'வட்டாரம்' என்றும் ஒரு வகை உண்டு. வயல், வேலி, பாதை, வீடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பதிவாக ஏற்றலாம். வர்ஜீனியாவில் லூயிசா கவுண்டி என்ற கிராமப்புற மாவட்டத்தில் கிரீன் ஸ்பிரிங்ஸ் என்று சுமார் 14,000 ஏக்கர் விவசாய வட்டாரம் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் மாநில அரசு அங்கே சிறைச்சாலை கட்டத் திட்டமிட்டது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 1974-ல் அந்த வட்டாரம் முழுவதும் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. நில உரிமையாளர்கள் பலர், மனம்போல் துண்டு போட்டுக் கட்டடம் எழுப்ப மாட்டோம் என்று அரசுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். நிலம் அவர்களுடையதாகவே இருந்தது, உழவும் நடந்தது. பிரச்சினை அத்தோடு தீர்ந்ததா என்றால் இல்லை. வெர்மிகுலைட் சுரங்கத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறினால் மட்டும், சொந்தக் காசில் சொந்த வீட்டை இடிப்பவரை அந்தச் சட்டம் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊரில் இதற்கு மிக அருகில் வருவது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. சமணப் படுக்கைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை, ஏரிகள், சுனைகள், பருந்துகள் எல்லாம் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலத்தை 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். தொல்லியல் சட்டத்தில் கிடைக்காத 'மொத்த இடம்' 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தில் கிடைத்தது. 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தபோது, சுற்றியுள்ள கிராம சபைகள் வரிசையாகத் தீர்மானம் போட்டன. சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கொல்லிமலைக்காரர்கள் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, பழங்குடிகளின் வாழிடமும் பண்பாட்டு, இயற்கை மரபும் கெடாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. அமெரிக்காவில் வட்டாரத்துக்கு எல்லை வரையவே பெரிய வேலை. வளப்பூர் நாட்டுக்கு எல்லையும் பெயரும் மன்றமும் முன்பே இருக்கின்றன.

அடுத்த முறை போகும்போது அருவிப் படிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் ஊருக்குள்ளும் கொஞ்சம் நடந்து பாருங்கள். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். சாமையோ தினையோ கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். கிராம சபை கூடும் நாட்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை நாம் மலையேறும் அதே விடுமுறை நாட்கள்தான். அன்றைக்கு ஊராட்சி அலுவலக வாசலில் கூட்டம் கண்டால் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போங்கள்.