வாவிக்கரை மொழிகளும் கணினியின் கணிப்பும்

மட்டக்களப்பு வாவியின் தென்முனை அம்பாறை மாவட்டத்தின் கல்முனைப் பகுதியைத் தொடுகிறது. அம்மாவட்டத் தலைநகரின் முஸ்லிம் உணவகம் ஒன்றில், 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, உணவிலிருந்த மாவுக்கட்டியைக் கருத்தடை மாத்திரை எனக் குற்றஞ்சாட்டி, சிங்களம் சரிவரத் தெரியாத உணவகத்தவரைத் தலையசைக்க வைத்த ஒளிப்பதிவு பேஸ்புக்கில் பரவ, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிசெய்தார். அடுத்த மாதம் கண்டியிலும் வன்முறை வெடித்தபோது அரசு சமூக ஊடகங்களை முடக்கியது.

இத்தகைய ஊடகங்களில், பயனர் எதை நின்று பார்ப்பார், எதற்கு மறுமொழி இடுவார் என்று அவரது பழைய நடத்தையிலிருந்து கணித்துப் பதிவுகளை வரிசைப்படுத்தும் இயந்திரக் கற்றல் முறை, சினத்தையும் ஆர்வமாகவே எண்ணுகிறது. வெறுப்புப் பேச்சைக் கண்டறியும் கருவிகளோ, ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சுற்றியே நடந்ததால், சிங்களத்திலும் தமிழிலும் பின்தங்கியிருந்தன. ஆய்வாளர் தெரிவுசெய்யும் மொழியே யாருக்குக் காவல் கிடைக்கும் என்பதைத் தீர்மானித்தது எனலாம்.

2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உள்ளிட்ட இடங்களில் குண்டுகள் வெடித்தபோதும் அரசு அதே முடக்கத்தையே நாடியது. பேஸ்புக் நிறுவனம் தன் தளத்தின் தவறான பயன்பாட்டுக்கு வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்தான்.