சால் ஓடும் திசை

சேலம், நாமக்கல் பக்கத்து மேட்டாங்காடுகளில் உழவுக் கணக்கெல்லாம் சாலில்தான். "ரெண்டு சால் ஓட்டியாச்சு. இன்னொரு மழை பேஞ்சா ஒரு சால் ஓட்டி வெதைச்சிரலாம்" என்பார்கள். கொழு மண்ணைக் கிழித்துப் போகும் பள்ளக்கோட்டுக்குப் பெயர் சால். காடு முழுவதையும் ஒருமுறை உழுது முடித்தால் அதுவும் ஒரு சால்.

சொல் மிகப் பழையது. புறநானூற்றின் 35ஆம் பாட்டில், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் பேசும் வெள்ளைக்குடி நாகனார், போர்ப்படை தரும் வெற்றிகூட உழுபடையின் சாலில் விளைந்ததன் பயன்தான் என்கிறார். அந்தப் பாட்டுக்காக அவருடைய பழைய நிலவரி பாக்கி தள்ளுபடியானது என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

இனமொழிகளிலும் இந்தச் சொல் உயிரோடிருக்கிறது. கன்னடத்தில் 'சாலு' என்றால் வரிசை; உழவுக்கோடும் அதுவே. தெலுங்கிலும் உழவுச்சால் 'சாலு'தான். மலையாளத்தில் 'சால்' உழவுக்கோட்டையும் குறிக்கும், தண்ணீர் ஓடும் வழியையும் குறிக்கும்.

சரிவான காட்டில் இந்த மலையாளப் பொருள் கண்முன்னே நடக்கும். சேர்வராயன், கஞ்சமலை, போதமலை, கொல்லிமலை அடிவாரங்களிலிருந்து செம்மண் காடுகள் ஓடைகளை நோக்கி இறங்குகின்றன. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக ஓட்டிய சால், முதல் கனமழையிலேயே வாய்க்காலாகிவிடும். நீரின் வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். மழை விட்டதும் அந்தக் காட்டில் நடந்தால் சேதம் தெரியும்: சாலின் அடியில் விரற்கடை அகலத்துக்குப் புது அரிப்பு, கழுவப்பட்டு மேலே நிற்கும் சரளைக்கல், வேர் வெளியே தெரியும் நிலக்கடலைச் செடி, கீழ்வரப்போரம் விசிறிபோல் படிந்த மென்மண். அடித்துப் போவது நிலத்தின் சத்தான பகுதி; எரு, களி, மட்கு எல்லாம் அந்த மென்மண்ணோடுதான் போகின்றன.

சரிவுக்குக் குறுக்கே ஓட்டியிருந்தால் கதை வேறு. ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வரப்பாக நின்று நீரை மறிக்கும். கலங்கல் நீர் அங்கங்கே தேங்கி, மண்ணுக்குள் இறங்கும். அமெரிக்க வேளாண் துறைக்காக விஷ்மியரும் ஸ்மித்தும் 1978இல் வெளியிட்ட மண்ணரிப்புக் கையேடு இதற்கு அளவு சொல்கிறது. நூறு அடிக்கு 3 முதல் 8 அடி வரை இறங்கும் நிலத்தில் இப்படிக் குறுக்கே ஓட்டும் சமமட்ட உழவு அரிப்பைப் பாதியாக்கும். 21 முதல் 25 அடி வரை இறங்கும் செங்குத்துச் சரிவிலோ பத்தில் ஒரு பங்குதான் குறையும். அங்கே கல்வரப்பும் படிமட்டமும் இல்லாமல் சாலை மட்டும் நம்ப முடியாது.

மாட்டு ஏர் காலத்தில் பல ஏர்கள் வரிசையாக உழும்போது, முன்னத்தி ஏர் போட்ட சாலைப் பிடித்தே பின்னேர்கள் போகும். ஆகவே முதல் சாலின் திசையே காட்டின் திசை. இன்று அதை டிராக்டர் வாடகை தீர்மானிக்கிறது. பணம் மணிக்கணக்கில் என்பதால், ஒடுங்கி நீண்ட காட்டை நீளவாக்கில் ஓட்டினால் திருப்பம் குறையும், செலவும் குறையும். அந்த நீளம் சரிவோடு போனால் மண்ணும் கூடவே போகும்.

குச்சிக்கிழங்குக் காட்டில் அரிப்பு இன்னும் கடுமை. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளியைச் செடிக்குச் செடி 90 செ.மீ. வரை விட்டு நடுகிறார்கள். முதல் மூன்று மாதம் இலை நிலத்தை மூடாது. வெற்று மண் நேரடியாக மழையடி வாங்கும். அறுவடையில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் மறுபடியும் கலையும். பாரும் சாலும் சரிவுக்குக் குறுக்கே அமைந்தால் இந்த இரு வேளையும் காப்பு உண்டு. ரோட்டவேட்டரால் மாவாக அடித்த செம்மண்ணுக்கோ வேறொரு தொல்லை. மழையடியில் மேற்பரப்பு பொருக்குத் தட்டி, நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. கொக்கிக் கலப்பையால் சற்றுக் கட்டியாக விட்ட காடு அந்த நீரைப் பிடித்துக்கொள்ளும்.

அடித்துப்போன மண்ணில் பெரும்பங்கு ஏரிகளில்தான் படிகிறது. அந்த வண்டலை விவசாயிகள் விலையின்றி அள்ளிக்கொள்ள 2017இல் தமிழக அரசு அனுமதி தந்தது. மண் இலவசம்தான், வெட்டும் கூலியும் டிப்பர் வாடகையும் விவசாயியின் கையிலிருந்தே போகின்றன. காட்டில் நின்றிருக்க வேண்டிய மண்ணைக் காசு கொடுத்துத் திரும்பக் கொண்டுவரும் நிலை இது.

மானாவாரிக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் 'ஆழச்சால் அகலப்பாத்தி' முறையின் பெயரிலும் பழைய சால் தொடர்கிறது. அகலப் பாத்தியில் பயிர் நிற்கும். ஆழச்சால் மழைநீரைத் தாங்கும், மிஞ்சியதை மெல்ல வடிக்கும். சமமட்டக் கோடு போடப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். கோடைமழைக்கு முன் இரண்டு பேர் குழாயைப் பிடித்து, நீர்மட்டம் சமமாக நிற்கும் இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போகலாம். டிராக்டர் வந்ததும் முதல் சாலை அந்தக் குச்சி வரிசையில் ஓட்டச் சொல்லவேண்டும். கூடுதல் திருப்பத்துக்கு ஆகும் வாடகை, ஒரு டிப்பர் வண்டலின் செலவுக்கு முன் சிறிது.