நீரைத் தடுத்த வளையம்

நண்பர் ஒருவர் பழைய பொருட்கள் விற்பவரிடமிருந்து நிக்கோனாஸ் கேமரா ஒன்றை வாங்கிவந்தார். 1975-ல் வெளிவந்த மூன்றாம் மாதிரி. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போனதில்லை என்று விற்றவர் உறுதி சொன்னாராம். பழைய கேமரா வாங்குகிறவர்கள் வழக்கமாக லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, ஷட்டர் ஒழுங்காக இயங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நண்பரும் அதையே பார்த்திருந்தார். ஆனால் நீருக்கடியில் படமெடுக்கும் கருவியின் உயிர் லென்ஸில் இல்லை. சில ரூபாய் பெறுமானமுள்ள ரப்பர் வளையங்களில் இருக்கிறது. அந்த வளையங்கள் அங்கே வந்துசேர்ந்த வரலாறு தெரிந்தால், பழைய கருவியை எப்படிச் சோதிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

1893-ல் தென் பிரான்சின் பான்யுல்ஸ் கடற்கரையில், அராகோ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த உயிரியலாளர் லூயி பூத்தான் கடலுக்கடியில் படமெடுக்க முனைந்தார். நீர்புகாத பெட்டியை வடிவமைத்தவர் அவருடைய சகோதரர் ஒகுஸ்த். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்; மூட்டுகளில் எங்கேனும் மயிரிழை இடைவெளி இருந்தாலும் நீர் பீறிட்டு நுழையும். சகோதரர்கள் கண்ட வழி எளிமையானது. காற்றடைத்த ரப்பர்ப் பை ஒன்றைப் பெட்டியோடு இணைத்தார்கள். ஆழம் கூடக்கூடக் கடலே பையை நசுக்கி அதன் காற்றைப் பெட்டிக்குள் தள்ளும். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகிவிட்டால் நீருக்கு உள்ளே வர அவசரம் இல்லை. சில படங்களுக்கு அரை மணி நேரம்வரை ஒளி காட்ட வேண்டியிருந்தது. கனத்த முக்குளிப்பு உடையோடு கடல் தரையில் அவ்வளவு நேரம் காத்திருந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் எனக்கு அந்தப் படங்களைவிட அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

பூத்தான் நீரோடு சமாதானம் செய்துகொண்டார் என்றால், பின்வந்தவர்கள் அதைத் தடுத்து நிறுத்தினார்கள். அமெரிக்காவில் குடியேறிய டேனிஷ்காரரான நீல்ஸ் கிறிஸ்டென்சன், இன்று ஓ-வளையம் எனப்படும் ரப்பர் வளையத்துக்கு 1939-ல் அங்கே காப்புரிமை பெற்றார். அதன் நுட்பம் பள்ளத்தில் இருக்கிறது. வளையத்தின் தடிமனைவிடப் பள்ளத்தின் ஆழம் சற்றுக் குறைவு; எனவே மூடும்போது வளையம் கொஞ்சம் நசுங்கும். பிறகு ஒரு பக்கத்திலிருந்து நீர் தள்ளும்போது அது பள்ளத்தின் மறுசுவரில் அழுந்தி முன்னிலும் இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். உள்ளே வர முயலும் நீரே தன் வழியைத் தானே அடைக்கிறது.

இந்த வளையங்களை நம்பித்தான் பெல்ஜியப் பொறியாளர் ழான் தெ வூட்டர்ஸ், கடலாய்வாளர் கூஸ்தோவுக்காகக் கலிப்ஸோ கேமராவை உருவாக்கினார். அதற்கு முன்பெல்லாம் சாதாரணக் கேமராவைக் கனத்த உறைக்குள் வைத்து மூழ்கினார்கள். கலிப்ஸோவில் உறை தனியாக இல்லை, கேமராவே உறை. 1963-ல் நிக்கான் நிறுவனம் உரிமம் பெற்று அதை நிக்கோனாஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ஐம்பது மீட்டர் ஆழம்வரை தாங்கும் கருவி அது. முதல் மூன்று மாதிரிகளில் பின்கதவே கிடையாது. லென்ஸைக் கழற்றிவிட்டு, உள்ளுடலை மேற்கூட்டிலிருந்து மேல்நோக்கி இழுத்து எடுக்க வேண்டும். படச்சுருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் பெரிய வளையத்தின் பூட்டு திறக்கப்படுகிறது. ஒரே ஒரு தலைமுடியோ மணல் துணுக்கோ போதும். 2001-ல் நிக்கோனாஸ் வரிசை நிறுத்தப்பட்டது. ஆகவே இப்போது கிடைப்பவை எல்லாமே பிறர் கை பட்டவை.

நண்பரின் கருவியைத் திறந்தோம். வளையங்களை உலோக ஊசியால் நெம்பக் கூடாது. பள்ளத்தில் விழும் ஒரு கீறல் புது வளையத்தையும் பயனற்றதாக்கும். விரலால் பிதுக்கி எடுத்தோம். லென்ஸ் வளையம் தட்டையாகி, அழுத்தினால் மீளாமல் கிடந்தது. மீள்தன்மை இழந்த வளையம் என்ன செய்யும் என்பதை 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் உலகுக்குக் காட்டியது. அங்கே அதற்குக் காரணம் குளிர், இங்கே முதுமை. பெரிய பள்ளத்தின் ஒரு மூலையில் வெண்மையான உப்புப் பொடி. அதை ஒட்டிப் பச்சை படிந்த ஒரு திருகு. ஒரு சொட்டுக்கூட நுழையாத கருவிக்குள் கடல் வந்து போன தடயம் அது. நண்பர் ஒன்றும் பேசவில்லை.

புது வளையங்களை வாங்கி, பள்ளங்களைப் பிசிறில்லாத துணியால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவினோம். அதிகம் பூசினால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. கிரீஸ் நீரை அடைப்பதில்லை, வளையம் வழுக்கி அமர உதவுகிறது. கூடுதல் கிரீஸ் தூசியைத்தான் சேர்க்கும்.

பிறகு படச்சுருள் இல்லாமல், உள்ளே மெல்லிய காகிதத்தை மடித்து வைத்து, வாளி நீரில் மூழ்கடித்து, ஷட்டர் நெம்புகோலையும் குமிழ்களையும் ஒவ்வொன்றாக இயக்கினோம். குமிழி வரவில்லை. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வாளிச் சோதனை பயனற்றதன்று. வளையத்தை அழுத்தி அமர்த்த நீரழுத்தம் போதாத அந்த முதல் அரை மீட்டரிலேயே மோசமான வளையம் கசிந்துவிடக்கூடும். ஆனால் நெம்புகோல்களின் தண்டுகளைச் சுற்றி உள்ளே மறைந்திருக்கும் சிறு வளையங்களைப் பற்றி அது அதிகம் சொல்லாது. அவற்றை நாம் மாற்றவும் முடியாது. பழுதுபார்ப்பவர் கருவியைப் பிரித்தாக வேண்டும். ஆகவே கல் கட்டிய பையில் வைத்து, கிணற்றில் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, அரை மணி நேரம் விட்டுவைத்தோம். கடலைவிடக் கிணறு நல்லது. கசிந்தாலும் உப்பு சேராது.

மேலே எடுத்ததும் முதலில் வெளிப்புறத்தை உலர்த்தினோம். கூட்டில் ஒட்டிய துளி திறக்கும்போது உள்ளே விழுந்தால் எதையும் நம்ப முடியாது. உள்ளுடலை இழுத்துக் காகிதத்தை விரித்தபோது, கீழ்ப்பகுதியில் நகத்தளவு ஈரம். பிளாஷ் கம்பி செருகும் துளை கேமராவின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதன் மூடிக்கும் ஒரு வளையம் உண்டு. மற்றவற்றை மாற்றிய நாங்கள் அதை மறந்திருந்தோம்.

அன்று மாலையே அதையும் மாற்றினோம். மறுநாள் காகிதம் உலர்ந்தே வந்தது. என்றாலும் நண்பர் இன்னும் படச்சுருள் போடவில்லை. இன்னும் இரண்டு முறை கிணற்றில் இறக்கிப் பார்த்துவிடலாம் என்கிறார்.