ஆட்டோப்ரொஜெத்தாசியோனே

ஆட்டோப்ரொஜெத்தாசியோனே என்பது, மரப்பலகைகளையும் ஆணிகளையும் மட்டும் கொண்டு எவரும் தம் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய அறைகலன்களுக்கான (தளபாடங்களுக்கான) வரைபடத் தொகுப்பு ஆகும். இத்தாலிய வடிவமைப்பாளரான என்சோ மாரி இதனை உருவாக்கி, 1974 ஆம் ஆண்டில் மிலான் நகரிலுள்ள கலேரியா மிலானோ என்னும் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார். மேசை, நாற்காலி, வாங்கு, நூலடுக்கு, அலமாரி, கட்டில் ஆகியவற்றுக்கான 19 வடிவமைப்புகள் இதில் அடங்கும். வரைபடங்களைக் கேட்டவர்களுக்கு அஞ்சற் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு அவர் அவற்றை அனுப்பிவைத்தார். வரைபடத்தைப் பார்த்து வீட்டிலேயே மரப்பொருள் செய்வது பற்றிய உரையாடல்களில் இன்றும் அதிகமாகக் குறிப்பிடப்படும் முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

பெயரும் பொருளும்

இத்தொகுப்பின் முழுப்பெயரைத் தமிழில் "தானே வடிவமைத்தலுக்கான ஒரு முன்மொழிவு" எனலாம். இத்தாலிய மொழியில் "ஆட்டோ" என்பது "தானே" என்றும், "ப்ரொஜெத்தாசியோனே" என்பது "வடிவமைத்தல், திட்டமிடல்" என்றும் பொருள்படும். "தானே செய்தல்" என்பதற்கு இத்தாலியில் வேறு வழக்குச்சொல் உண்டு. மாரி அதனைப் பயன்படுத்தவில்லை. பொருளைச் செய்துமுடிப்பதை விட, செய்யும்போது அப்பொருள் எவ்வாறு நிற்கிறது, எதனால் வலுப்பெறுகிறது, கடையில் விற்கும் பொருளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பவற்றை அறிந்துகொள்வதே அவருடைய நோக்கமாக இருந்தது.

பின்னணி

என்சோ மாரி 1932 ஆம் ஆண்டில் வட இத்தாலியின் செரானோ என்னும் ஊரில் பிறந்தார். மிலானிலுள்ள பிரேரா கலைக்கழகத்தில் பயின்றார். 1957 இல் அவர் உருவாக்கிய "16 விலங்குகள்" என்னும் மரப் புதிர் விளையாட்டு பெரும் புகழ் பெற்றது. இடதுசாரிக் கொள்கையில் உறுதியான பற்றுக் கொண்டிருந்த அவர், நல்ல வடிவமைப்பு வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதாக இருப்பதைத் தொடர்ந்து எதிர்த்துவந்தார்.

திரியாதே நிறுவனத்துக்காக, இரவில் கட்டிலாகவும் பகலில் இருக்கையாகவும் பயன்படும் எளிய பொருளொன்றை அவர் குறைந்த விலையில் வடிவமைத்தார். அது மக்களிடையே எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. எளிமையும் உறுதியும் கொண்ட பொருளை விட, செல்வச் செழிப்பைப் போலியாகக் காட்டும் பொருளையே பலர் விரும்புவது ஏன் என்ற கேள்வி அவருள் எழுந்தது. தம் கைகளால் ஒருமுறையேனும் ஒரு மேசையைச் செய்து பார்த்தவர், அடுத்த மேசையை வாங்கும்போது வேறு கண்ணோடு பார்ப்பார் என்பது அவர் கண்ட விடை. 1973 இன் எண்ணெய் நெருக்கடியால் இத்தாலியில் விலைவாசி உயர்ந்திருந்த காலத்தில் இம்முன்மொழிவு வெளிவந்தது.

பயன்பாட்டு நிபந்தனை

தொழிற்சாலைகளும் வணிகர்களும் தவிர வேறு எவரும் தமக்காக இவ்வரைபடங்களைப் பயன்படுத்தலாம் என்று மாரி அறிவித்தார். செய்தவர்கள், சிறப்பாக வடிவத்தில் தாமே மாற்றம் செய்தவர்கள், தம் ஆக்கத்தின் நிழற்படத்தைத் தம்முடைய பணியகத்துக்கு அனுப்பவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் 1980களில்தான் தோன்றியது. எனினும் பகிர்தல், மாற்றியமைத்தல், மாற்றத்தைத் திருப்பித் தெரிவித்தல் என்னும் மூன்று கூறுகளையும் இவ்வறிவிப்பில் காணலாம். இதனால் பிற்காலத்தவர் சிலர் இதனைத் திறந்த வடிவமைப்பின் முன்னோடியாகக் கருதுகின்றனர்.

அமைப்பு முறை

மரபுவழித் தச்சில் மரத்துண்டுகளை இணைப்பதற்குத் துளை-கழுந்து மூட்டு போன்ற மூட்டுகள் பயன்படுகின்றன. இவற்றைப் பிசகின்றி வெட்டுவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். மாரியின் வடிவமைப்புகளில் இத்தகைய மூட்டுகள் இல்லை. ஒரு பலகையின் தட்டையான பக்கத்தின் மீது மற்றொரு பலகையைப் படியவைத்து ஆணி அறைவதே ஒரே இணைப்பு முறை. பலகைகளும் கடையில் கிடைக்கும் அகலத்திலேயே பயன்படுகின்றன. நீளத்துக்கு வெட்டினால் போதும். தேவையான முதன்மைக் கருவிகள் சுத்தியலும் வாளுமே.

மூட்டு எளிமையானதாக இருப்பதால் உறுதியை வேறு வழியில் பெறவேண்டும். நான்கு பலகைகளை முனைகளில் இணைத்துச் செய்த சட்டம், பக்கவாட்டில் தள்ளினால் சாய்சதுரம் போலச் சரிந்துவிடும். மூன்று பலகைகளால் ஆன முக்கோணமோ, ஏதேனும் ஒரு பக்கத்தின் நீளம் மாறினாலன்றி உருமாறாது. எனவே மாரியின் மேசைகள் பலவற்றில் கால்களுக்கிடையே குறுக்குச்சாய்வாகப் பலகைகள் செல்கின்றன. பாலங்களிலும் கூரைத் தாங்கிகளிலும் காணப்படும் அதே தத்துவம் இது. இச்சாய்வுப் பலகைகள் அழகுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. அவற்றுள் ஒன்றைக் கழற்றிவிட்டு மேசையை அசைத்துப் பார்ப்பவர் கட்டமைப்பியலின் முதற்பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்.

ஆணியைத் தேர்ந்தமைக்கும் காரணம் உண்டு. ஆணி அறைவதற்குப் பயிற்சி குறைவாகவே தேவை. தவறு நேர்ந்தால் ஆணியைப் பிடுங்கி மீண்டும் அறையலாம். பசை இட்ட மூட்டில் இவ்வாறு எளிதில் திருத்த இயலாது.

வரைபடத்திலிருந்து பொருளுக்கு

இத்தொகுப்பிலுள்ளவை போன்ற வரைபடங்களைக் கொண்டு வேலை செய்யும்போது பொதுவாகப் பின்வரும் படிநிலைகள் கடைப்பிடிக்கப்படுகின்றன.

1. வரைபடத்தைப் படித்தல்: முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேற்றோற்றம் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒவ்வொரு பலகையும் எத்தோற்றத்தில் எங்கு வருகிறது என்பதை அடையாளம் காணவேண்டும். எந்தப் பலகை எதன் மேல் படிகிறது என்பதைத் தவறாகக் கொண்டால், பலகையின் தடிப்பளவுக்குப் பொருளின் அளவு மாறிவிடும்.

2. வெட்டுப்பட்டியல் தயாரித்தல்: ஒவ்வொரு துண்டின் நீளம், அகலம், தடிப்பு, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிக்கொண்டு, வாங்கிய பலகையின் உண்மையான தடிப்பை அளந்து ஒப்பிடவேண்டும். வாளின் வெட்டுவாய்க்கும் சில மில்லிமீட்டர் ஒதுக்கவேண்டும்.

3. வெட்டுதல்: ஒரே நீளமுள்ள துண்டுகளை ஒன்றாகக் குறித்து வெட்டுவது நல்லது. நான்கு கால்களும் சற்றுக் குறைந்த நீளமாக இருப்பதால் கேடில்லை. நான்கும் வெவ்வேறு நீளமாக இருப்பதே பொருளை ஆடச்செய்யும்.

4. சட்டத்தை இணைத்தல்: முதலில் ஒவ்வொரு மூலையிலும் ஒரேயொரு ஆணியை மட்டும் அறைந்து, இரு மூலைவிட்டங்களையும் அளக்கவேண்டும். எதிர்ப்பக்கங்கள் சமமாக உள்ள சட்டத்தில் மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் மூலைகள் செங்கோணமாகும். அதன் பின்னரே மற்ற ஆணிகளை அறையவேண்டும்.

5. சாய்வுப் பலகையைப் பொருத்துதல்: சட்டம் செங்கோணத்தில் இருக்கும்போதே இதனை அறையவேண்டும். கோணலான சட்டத்தில் அறைந்தால் அக்கோணல் நிலைத்துவிடும்.

நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. உயரத்திலும், மேசையின் மேற்பரப்பு 72 முதல் 75 செ.மீ. உயரத்திலும் அமைவது வழக்கம். பயன்படுத்துபவரின் உயரத்துக்கேற்ப இவ்வளவுகளை மாற்றிக்கொள்ள முடிவதே வீட்டில் செய்வதன் நன்மை.

மரமும் ஆணியும்

இவ்வடிவமைப்புகள் ஐரோப்பாவில் மலிவாகக் கிடைக்கும், இழைக்கப்படாத பைன் பலகைகளைக் கருத்திற் கொண்டவை. பைன் மென்மரம் ஆகையால் ஆணி எளிதில் இறங்கும். வன்மரங்களில் ஆணி அறைந்தால் பலகை பிளக்கக்கூடும். முன்னதாக ஆணியை விடச் சற்று மெல்லிய துளை இட்டுக்கொள்ள வேண்டும்.

மேலுள்ள பலகையின் தடிப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமுள்ள ஆணி பொருத்தமானது என்பது தச்சர்களிடையே நிலவும் பொதுவிதி. இதன்படி ஆணியின் மூன்றில் இரண்டு பங்கு அடியிலுள்ள மரத்தில் பதியும். பலகைகளைத் தட்டையாகப் படியவைத்து அறையும்போது, ஆணி மறுபுறம் வெளிவராதபடி அடிப்பலகையின் தடிப்பையும் கணக்கிற் கொள்ளவேண்டும். மரத்தின் வெட்டுமுனையில் நார்களுக்கு இணையாக இறங்கும் ஆணியின் பிடிப்பு, நார்களைக் குறுக்காகக் கடக்கும் ஆணியின் பிடிப்பை விடக் குறைவு. பலகையின் தட்டையான பக்கத்திலேயே இணைப்புகள் அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆணிகளை ஒரே நார்வரிசையில் அறையாமல் விலக்கி அறைவதும், கூர்நுனியைச் சுத்தியலால் தட்டிச் சற்று மழுக்குவதும் பிளவைக் குறைக்கும்.

மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சிறிதே, அகலவாட்டில் குறிப்பிடத்தக்கது. நன்கு உலராத பலகைகளை நெருக்கி அறைந்தால் சில மாதங்களில் இடைவெளிகள் தோன்றும். வெப்பமண்டல நாடுகளில் கறையானும் மரத்தைத் துளைக்கும் வண்டுகளும் பைன் மரத்தை எளிதில் தாக்குவதால், பதப்படுத்திய பலகைகளைத் தேர்வதும், கால்கள் ஈரத்தரையில் படாமல் காப்பதும் தேவை. பொதி தாங்கும் பலகைத் தட்டுகளைப் பிரித்துப் பயன்படுத்துவோர், அவற்றின் மீதுள்ள பன்னாட்டு முத்திரையைப் பார்க்கவேண்டும். "எச்.டி." என்பது வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டதையும், "எம்.பி." என்பது மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வளிமத்தால் பதப்படுத்தப்பட்டதையும் குறிக்கும். பின்னதை வீட்டுப் பயன்பாட்டுக்குத் தவிர்ப்பது நல்லது.

வரவேற்பும் திறனாய்வும்

வரைபடங்களைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் எழுதினர். கலை வரலாற்றாளரும் பின்னர் 1976 இல் உரோம் நகர முதல்வர் ஆனவருமான ஜூலியோ கார்லோ ஆர்கன் இம்முயற்சியைப் பாராட்டினார். தாமே வடிவமைக்காதவர் பிறருடைய வடிவமைப்புக்கு உட்பட நேரும் என்பது அவர் கருத்தின் சாரம்.

எதிர்ப்பும் எழுந்தது. வடிவமைப்பாளர் தாமே வரைந்து கொடுத்துவிட்டு, அதனைப் "பின்பற்றுவது" விடுதலை என்று கூறுவது முரண்பாடு என்றனர் சிலர். உழைப்பதற்கு நேரமும் இடமும் உடையவருக்கே இது இயலும், நாள் முழுதும் ஆலையில் வேலை செய்பவருக்கு ஆயத்தப் பொருளே உதவும் என்பது மற்றொரு வாதம். மாரியும் முழு மனநிறைவு அடையவில்லை. எழுதியவர்களுட் பெரும்பாலோர் இதனைக் கிராமியப் பாணி அலங்காரமாகவும் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவும் எடுத்துக்கொண்டனர் என்றும், கற்றல் என்னும் நோக்கத்தை மிகச் சிலரே உணர்ந்தனர் என்றும் அவர் பிற்காலத்தில் வருந்தினார்.

பிற்காலம்

2002 ஆம் ஆண்டில் மாந்துவா நகரின் கொர்ராயினி பதிப்பகம் வரைபடங்களை மீண்டும் நூலாக வெளியிட்டது. 2010 இல் பின்லாந்தின் ஆர்ட்டெக் நிறுவனம், மாரியின் இசைவுடன், இத்தொகுப்பின் "நாற்காலி 1" என்னும் வடிவமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெட்டிய பலகைகளும் ஆணிகளும் வழிகாட்டிக் குறிப்பும் அதில் இருந்தன. ஆணி அறையும் வேலை வாங்குபவருக்கே விடப்பட்டது. தொழிற்சாலைகளைத் தவிர்த்த ஒரு முன்மொழிவு நிறுவனமொன்றின் வழியாக விற்கப்படுவது பொருந்துமா என்ற விவாதத்துக்கு இது இடமளித்தது.

பெர்லினில் இயங்கிய குகுலா என்னும் அமைப்பு இவ்வரைபடங்களுக்கு வேறொரு பயனைக் கண்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலியின் லம்பெதூசாத் தீவு வழியாக வந்த ஏதிலிகள், 2010களின் நடுப்பகுதியில் அங்கு மாரியின் அறைகலன்களைச் செய்து விற்றனர். அதற்கான உரிமையை மாரி அவர்களுக்கு வழங்கினார். ஏதிலிகளை ஏற்றிவந்த படகுகளின் மரத்துண்டுகளும் சில நாற்காலிகளில் சேர்க்கப்பட்டன. வேலை செய்யும் அனுமதியே கேள்விக்குறியாக இருந்தவர்களுக்கு, தம் தேவைக்குத் தாமே செய்தல் என்ற கருத்து பிழைப்புக்கான வழியாகவும் ஆனது.

என்சோ மாரி 2020 அக்டோபர் 19 அன்று மிலானில் காலமானார். அவருடைய வாழ்நாள் பணி பற்றிய பெருங்கண்காட்சி அதற்கு இரு நாட்களுக்கு முன்னர்தான் அந்நகரின் திரியென்னாலே அரங்கில் தொடங்கியிருந்தது. அவர் மறைந்த மறுநாள் அவருடைய மனைவியும் கலைத் திறனாய்வாளருமான லியா வெர்ஜினேயும் காலமானார். 2024 இல் இக்கண்காட்சி இலண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்திலும் நடைபெற்றது.

ஒத்த முயற்சிகள்

* கெரிட் ரீட்வெல்ட்: நெதர்லாந்துக் கட்டடக்கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தின்போது, பொதிப்பெட்டிப் பலகைகளைப் போன்ற எளிய பலகைகளால் ஆன அறைகலன்களை வடிவமைத்தார். வாங்குபவர் தாமே பூட்டிக்கொள்ளும் வகையில் இவை விற்கப்பட்டன.
* விக்டர் பாபனெக், ஜேம்ஸ் ஹென்னெசி: அடிக்கடி வீடு மாறுவோர் செய்துகொள்ளத்தக்க அறைகலன்கள் பற்றிய நூலை 1973 இல் அமெரிக்காவில் வெளியிட்டனர்.
* கென் ஐசக்ஸ்: இருக்கை, படுக்கை, அடுக்கு ஆகியவற்றை ஒரே சட்டகத்தில் அடக்கும் அமைப்புகளுக்கான வழிகாட்டி நூலை 1974 இல் வெளியிட்டார்.
* வான் போ லெ-மென்ட்செல்: பெர்லினைச் சேர்ந்த கட்டடக்கலைஞர். செருமனியின் அக்கால வேலையிழப்பு உதவித்திட்டத்தின் பெயரைத் தாங்கிய அறைகலன் வரைபடங்களை 2010 முதல் இலவசமாக வழங்கினார். 24 யூரோ செலவில் 24 மணி நேரத்தில் செய்யக்கூடிய நாற்காலி இவற்றுள் புகழ்பெற்றது.

இவற்றையும் பார்க்க

* அறைகலன்
* தச்சுத்தொழில்
* துளை-கழுந்து மூட்டு
* பைன்
* திறந்த வடிவமைப்பு