சாலியாறு இறக்கிவைத்த பொன்

நீலகிரி என்றால் தேயிலைதான் நினைவுக்கு வரும். ஆனால் 1880-ஐ ஒட்டி இந்த மலையின் மேற்குப் பக்கத்தை இலண்டன் பணக்காரர்கள் தங்கத்துக்காகத் தேடி வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

ஆஸ்திரேலியாவில் பெயர் பெற்ற சுரங்க வல்லுநர் ப்ரோ ஸ்மித் 1879-ல் இங்கு வந்தார். மறுவருடம் அவரது அறிக்கை வெளியானதும் இலண்டனில் கம்பெனிகள் முளைத்தன. தேவாலா, பந்தலூர் பக்கம் வெள்ளைக்கல் பாறைகளைக் குடைந்தார்கள், எந்திரங்களை ஏற்றினார்கள். கிடைத்த தங்கம் செலவுக்கே காணவில்லை. சில வருடங்களில் எல்லாம் ஓய்ந்தது. பழைய குழிகள் மட்டும் இன்றும் காட்டுக்குள் கிடக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் செய்ய நினைத்த வேலையை ஆறு எப்போதோ தொடங்கிவிட்டது!

சாலியாறு பிறப்பது சேரம்பாடிக்கு அருகிலுள்ள இளம்பலேரி மலையில். சேரம்பாடி சுமார் 900 மீட்டர் உயரம். நேர்கோட்டில் 30 கி.மீ. போனால் நிலம்பூர், அது 50 மீட்டருக்கும் கீழே. இத்தனை செங்குத்தான சரிவு எப்படி வந்தது? ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. உடைந்த ஓரம் உயர்ந்து நின்றது. அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடல் பக்கச் சரிவு. (இதே நீலகிரியின் மோயாறு, பூமியின் இன்னொரு பழைய வெட்டுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போகிறது. அது தனிக் கதை.)

சரிவில் வேகமாக இறங்கும் தண்ணீர் பாறையை உடைத்து உருட்டிக்கொண்டு போகிறது. நிலம்பூரில் தரை சமமாகி வேகம் குறைகிறது. தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம், வெள்ளைக்கல் இரண்டரை மடங்குதான். அதனால் தங்கத்துகள் முதலில் படிகிறது. அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாக மரத்தட்டில் மணலை அலசிப் பொன் எடுத்தது இப்படித்தான். இன்றைய ஆற்றுமட்டத்துக்கு மேலே, கரையில் பழைய கூழாங்கல் படிவுகளும் உண்டு. நிலம் உயர உயர, ஆறு தன் பழைய படுகையையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். அப்போது இப்படி மேடாக மிஞ்சும்.

பொன்னை மட்டும் இறக்குகிற சரிவு அல்ல இது. 2024 ஜூலை 30 அதிகாலை, சேரம்பாடிக்கு அடுத்த வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு அடித்துச் சென்றது. பெருமழைதான் காரணம், ஆனால் அத்தனை மண்ணையும் பாறையையும் அவ்வளவு தூரம் தள்ளியது அந்தப் பழைய சரிவு. இறந்தவர்கள் 250 பேருக்கும் மேல். அவர்களில் பலரது உடல்கள் நிலம்பூர் பக்கம், சாலியாற்றின் மணலில்தான் கிடைத்தன.