வாத்து இறகு, வெள்ளைத் தூள், தாமரை இலை

வவுனியாக் குளங்களில் பறித்த தாமரை இலையில் சோறு உண்டவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டோடிவிடும், குழம்பில் மிதக்கும் எண்ணெயோ இலையில் அப்படியே படிந்துவிடும். தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் இன்றைய வலைகள் சிலவற்றின் சூட்சுமம் இதுதான். ஆனால் அது ஆய்வுகூடத்துக்குப் போன வழி நெடுஞ்சுற்று.

முதல் திருப்பம் 1938இல், ஒரு தற்செயல். அமெரிக்காவில் குளிரூட்டி வாயு தேடிக்கொண்டிருந்த ரோய் பிளங்கெட் ஒரு சிலிண்டரைத் திறந்தார். வாயு வரவில்லை, எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழுவழுப்பான வெள்ளைத் தூள். எதுவும் ஒட்டாத டெஃப்லோன் பிறந்தது இப்படித்தான்.

1944இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், நனையாத துணிக்கு வழி தேடிய காசியும் பாக்ஸ்டரும் வாத்து இறகை ஆராய்ந்தார்கள். இழைகளுக்கிடையே சிக்கிய காற்றே தண்ணீரைத் தாங்குகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

தாமரையின் முறை பிறகுதான் வந்தது. 1970களில் ஜேர்மனியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட் இலைகளை எலெக்ட்ரோன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். அப்படிப் பார்க்குமுன் சில இலைகளைக் கழுவ வேண்டிய தேவையே இருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகுத் துகள்கள். நீர்த்துளி அந்த மேடுகளின் நுனியை மட்டுமே தொட்டு, அழுக்கையும் அள்ளிக்கொண்டு உருள்கிறது. 1997இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு, அழுக்கு ஒட்டாத சுவர்ப்பூச்சுவரை தாமரைக்குப் பல நகல்கள் வந்தன.

2004இல் சீனாவில் லெய் ஜியாங் குழுவினர் துருப்பிடிக்காத எஃகு வலையில் டெஃப்லோனைத் தெளித்தார்கள். டீசல் வலையில் பரவி ஒழுகியது. தண்ணீர் மேலேயே நின்றது. பிளங்கெட்டின் தூளும் தாமரையின் கரடுமுரடும் ஒரே வலையில் சேர்ந்தன. ஆனால் எண்ணெயை விரும்பும் வலையை எண்ணெயே அடைத்துவிடும். ஆகவே அதே குழுவினர் மீன் செதிலைப் பார்த்தார்கள். நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், தண்ணீருக்குள் எண்ணெய் அதில் ஒட்டுவதில்லை. அப்படிப் பிறந்த வலை தண்ணீரை விட்டு எண்ணெயை நிறுத்தும்.

இதன் அருமை நமக்குத் தெரியாததல்ல. சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிட்ட எண்ணெயை வலை போட்டு வடிக்க முடியாது. நீரில் நுண்துளிகளாகக் கலந்துவிட்டால் இன்னும் சிறிய துளைகளுள்ள சவ்வு வேண்டும். ஆகவே இந்த வலைக்கு உரிய இடம் கராஜின் கழிவு வாய்க்கால். கிணற்றை நம்பி வாழும் வவுனியாவில், ஒயில் மண்ணைத் தொடுமுன்னே அதைத் தடுக்க வேண்டும்.